பென்ஷனர் இன்சூரன்ஸுக்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப்: நாங்கள் போட்ட கணக்கு

"மருத்துவ இன்சூரன்ஸுக்கென்று பென்ஷனில் மாதாமாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்களே, அப்புறம் எதற்குத் தனியாக இன்னொரு இன்சூரன்ஸ்?" எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறார்கள். 2025 அக்டோபரில் நானும் என் கணவரும் ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி, அதாவது இருக்கும் காப்பீட்டுக்கு மேல் போடும் ஒரு மேல்காப்பீடு, எடுத்தோம். எடுப்பதற்கு முன் நான்கைந்து கம்பெனிகளின் பாலிசி வாசகங்களை வாங்கி, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து வரி வரியாகப் படித்தோம். கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. உங்கள் வயதுக்கும் உடம்புக்கும் வேறொன்று பொருந்தலாம். நாங்கள் போட்ட கணக்கை மட்டும் எழுதுகிறேன். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு அந்தக் கணக்கு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது. ஏஜென்ட்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியது. இப்போது நடப்பது 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரைக்குமான நான்கு ஆண்டுக் கட்டம். யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் நடத்துகிறது. ஓய்வூதியர், அவருடைய கணவர் அல்லது மனைவி இருவருக்கும் சேர்த்து 5 லட்சம். பட்டியலில் குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 10 லட்சம் வரை. கண்புரை அறுவைக்கு 30,000, கருப்பை அகற்ற 50,000 என்று தனி உச்சவரம்பு உண்டு. மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது, வயது வரம்பு கிடையாது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பும் கிடையாது. 80 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் ஒரே பிடித்தம். தனியார் சந்தையில் இந்த விலைக்கு இப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. அதனால் "இந்தத் திட்டம் வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய திட்டம் இது.

ஆனால் அந்த 5 லட்சம் ஆண்டுக்கு 5 லட்சம் அல்ல. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 5 லட்சம். இந்த ஒரு வரியைத்தான் நம்மில் பலர் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசியில் ஆண்டு பிறந்தால் முழுத் தொகையும் மறுபடி வந்துவிடும். நமக்கு அப்படி வராது. முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய சிகிச்சை வந்து 4 லட்சம் போய்விட்டால், மிச்சம் இருக்கும் 1 லட்சத்தை வைத்துக்கொண்டு இருவரும் மூன்று ஆண்டுகளை ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, மருத்துவமனை போடும் பில்லும் திட்டம் அனுமதிக்கும் தொகையும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு வருடம் முன்பு என் கணவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. கேஷ்லெஸ்தான், அதாவது கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், இன்சூரன்ஸே நேராகக் கட்டிவிடும் என்று சொல்லிச் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று அனுமதியான தொகை போக மீதியைக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். சிகிச்சை நன்றாக இருந்தது, டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கேஷ்லெஸ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பணம் கேட்கும் அந்த வழக்கம் மாற வேண்டும் என்பது மட்டும் என் உறுதியான எண்ணம். அன்றைக்குத்தான் மேல்காப்பீடு பற்றி இருவரும் தீவிரமாகப் பேச ஆரம்பித்தோம்.

சரி, மேல்காப்பீடு என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கம்பெனி சொல்லும் பாலிசி. அந்தக் குறிப்பிட்ட தொகைக்கு டிடக்டிபிள் என்று பெயர். அதுவரைக்குமான பணம் அரசுத் திட்டத்திலிருந்து வந்தாலும் சரி, உங்கள் பையிலிருந்து போனாலும் சரி, கம்பெனிக்குக் கவலை இல்லை. பில் அந்த அளவைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதனால்தான் முழு பாலிசியைவிட இதன் பிரீமியம் பாதிக்கும் குறைவாக வருகிறது.

இதில் டாப்-அப், சூப்பர் டாப்-அப் என இரண்டு வகை. டாப்-அப்பில் ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதும் அந்த ஒரு பில் மட்டும் டிடக்டிபிளைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் அந்த ஆண்டு முழுவதும் வந்த பில்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். டிடக்டிபிள் 3 லட்சம், ஒரே ஆண்டில் இரண்டு முறை தலா 2.5 லட்சம் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப்-அப்பில் ஒரு பைசா வராது. சூப்பர் டாப்-அப்பில் மொத்தம் 5 லட்சம், அதில் 3 போக 2 லட்சம் வரும். வயதான காலத்தில் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போவது சகஜம். அதனால் வெறும் டாப்-அப்பை நான் பரிசீலிக்கவே இல்லை. ஒரு எச்சரிக்கை: பாலிசியின் பெயரை வைத்து இது எந்த வகை என்று முடிவு செய்யாதீர்கள். டிடக்டிபிள் ஒவ்வொரு க்ளெய்முக்குமா, ஆண்டு மொத்தத்துக்குமா என்பது வாசகத்துக்குள் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, டிடக்டிபிள் எவ்வளவு வைப்பது? எங்களிடம் பேசிய எல்லா ஏஜென்ட்களும் ஒரே பதில் சொன்னார்கள். "மேடம், உங்களுக்கு 5 லட்சம் கவர்மென்ட் பாலிசி இருக்கு, அதனால 5 லட்சம் டிடக்டிபிள் போடுங்க, பிரீமியம் ரொம்பக் கம்மி." ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் பாலிசி வைத்திருப்பவருக்கு இது சரியான ஆலோசனை. நமக்குச் சரியல்ல. ஏனென்றால் மேல்காப்பீட்டின் டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும். நம் 5 லட்சமோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் நிரம்பும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் ஆண்டு 4 லட்சம் பில், அரசுத் திட்டம் முழுவதையும் கொடுத்துவிட்டது. இரண்டாம் ஆண்டு மறுபடியும் 4 லட்சம். அரசுத் திட்டத்தில் மிச்சம் 1 லட்சம்தான். டிடக்டிபிள் 5 லட்சம் என்று எடுத்திருந்தால் மேல்காப்பீடு எட்டிக்கூடப் பார்க்காது, மீதி 3 லட்சம் நம் கையிலிருந்து. டிடக்டிபிள் 3 லட்சம் என்றால் மேல்காப்பீடு 1 லட்சம் தரும், கையிலிருந்து 2 லட்சம். டிடக்டிபிள் 2 லட்சம் என்றால் மேல்காப்பீடு 2 லட்சம், நம் கையிலிருந்து 1 லட்சம். நான்கு ஆண்டுக் கட்டத்தின் கடைசியில் இருக்கும் ஒருவருக்கு, அதுவும் 5 லட்சத்தையும் செலவழித்துவிட்டவருக்கு, டிடக்டிபிள் முழுவதுமே சொந்தப் பணம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள், இந்தக் கட்டத்தில் உங்கள் இருப்பு எவ்வளவு என்று தெரியாமல் டிடக்டிபிளை முடிவு செய்யவே கூடாது.

எங்கள் தேர்வு கடைசியில் இரண்டு திட்டங்களுக்கு நடுவே வந்து நின்றது. ஒன்றில் டிடக்டிபிள் 2 லட்சம், ஆனால் 60 வயதுக்கு மேல் சேர்பவர்களுக்கு 20 சதவீதம் கோ-பே. அதாவது அவர்கள் கொடுக்க வேண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நாம் ஏற்க வேண்டும். மற்றொன்றில் டிடக்டிபிள் 3 லட்சம், கோ-பே கிடையாது. பிரீமியம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் கணவர் முதல் திட்டத்தின் பக்கம் சாய்ந்தார், சீக்கிரம் பணம் வர ஆரம்பிக்கும் என்பதால். நான் ஒரு தாளில் பில் தொகைகளை எழுதிக் கணக்குப் போட்டேன்.

4 லட்சம் பில்லுக்கு முதல் திட்டம் 1.6 லட்சம் தரும், இரண்டாவது 1 லட்சம் தரும். முதலாவதுதான் மேல். 7 லட்சம் பில்லுக்கு இரண்டுமே 4 லட்சம் தரும். 10 லட்சம் பில்லுக்கு முதலாவது 6.4, இரண்டாவது 7. 15 லட்சம் போனால் முதலாவது 10.4 லட்சம் தர, நாம் 4.6 லட்சம் கட்ட வேண்டும். இரண்டாவதில் பில் எவ்வளவு ஏறினாலும், பாலிசித் தொகைக்குள் இருக்கும்வரை, நம் பங்கு 3 லட்சத்தோடு நின்றுவிடும். 7 லட்சத்துக்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது.

இரண்டாவதை எடுத்தோம். 4 லட்சம் பில்லில் அறுபதாயிரம் ரூபாய் கூடப் போனால் வருத்தமாக இருக்கும், சமாளித்துவிடுவோம். 15 லட்சம் பில் வந்தால் எங்கள் வீட்டை விற்கிற நிலை வரக்கூடாது, மகளிடம் கை நீட்டுகிற நிலையும் வரக்கூடாது. மேல்காப்பீடு வாங்குவதே அந்த ஒரு பயத்துக்காகத்தான் என்பது என் கருத்து. அந்த 3 லட்சத்துக்கு, எனக்கு வந்த பணிக்கொடையிலிருந்து ஒரு தொகையை வங்கியில் தனி டெபாசிட்டாகப் போட்டு வைத்திருக்கிறோம். அதை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

தனித்தனி பாலிசியா, இருவருக்கும் சேர்த்து ஃப்ளோட்டரா என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண பாலிசியில் வயதானவர்களுக்குத் தனித்தனியாக எடுப்பதே நல்லது என்பார்கள், ஒருவர் முழுத் தொகையையும் செலவழித்துவிட்டால் மற்றவருக்கு எதுவும் இருக்காது என்பதால். சூப்பர் டாப்-அப் ஃப்ளோட்டரில் இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டிடக்டிபிளும் இருவருக்கும் பொதுவானது. எனக்கு 2 லட்சம், அவருக்கு 2.5 லட்சம் என்று ஒரே ஆண்டில் பில் வந்தால் மொத்தம் 4.5 லட்சம், 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தனித்தனி பாலிசியாக இருந்தால் இருவருமே தாண்டியிருக்க மாட்டோம். நம் அரசுத் திட்டமும் இருவருக்கும் பொதுவான தொகை என்பதால் ஃப்ளோட்டர் அதோடு நன்றாகவே ஒட்டுகிறது. நாங்கள் ஃப்ளோட்டர்தான் எடுத்தோம், 15 லட்சத்துக்கு. இங்கே இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: பாலிசித் தொகை டிடக்டிபிளுக்கு மேல் தனியாகவா, அல்லது டிடக்டிபிளையும் உள்ளடக்கியதா? இரண்டு மாதிரியும் விற்கிறார்கள். எங்களுடையது டிடக்டிபிளுக்கு மேல் தனியாக.

இனி நோய் விவரம் சொல்லும் விஷயம். இதை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். என் கணவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. எனக்குத் தைராய்டு. ஒரு ஏஜென்ட் தம்பி, நல்ல பையன்தான், "சுகரை ஃபார்மில் போட வேண்டாம் மேடம், மாத்திரையில் கன்ட்ரோல்ல தானே இருக்கு" என்றார். அவரிடம் பாலிசி எடுக்கவில்லை. நோயை மறைத்து எடுத்த பாலிசி, ஆஸ்பத்திரியில் அட்மிஷன் பேப்பரில் "பத்து வருடமாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதும் நொடியில் ஆட்டம் கண்டுவிடும். க்ளெய்மை மறுப்பதற்கு அதுவே போதும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி வைத்திருந்தால் அதன்பின் மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தார் என்று சொல்லிக் க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முன்பு எட்டு ஆண்டாக இருந்ததை 2024-இல் ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். அந்த ஐந்து ஆண்டும் உடம்பு சரியாக இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நாங்கள் எல்லாவற்றையும் எழுதினோம். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள், ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் முடிந்தது. ஒரு கம்பெனி சர்க்கரைக்காகப் பிரீமியத்தைக் கூட்டிக் கேட்டது. நாங்கள் எடுத்த கம்பெனி கூட்டவில்லை, காத்திருப்புக் காலம் மட்டும் போட்டது.

காத்திருப்புக் காலம் மூன்று வகை. பாலிசி தொடங்கி முதல் 30 நாள், விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. கண்புரை, ஹெர்னியா, கல், மூட்டு மாற்று மாதிரி ஒரு பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. முன்பு நான்கு ஆண்டு வரை வைக்கலாம் என்றிருந்ததை 2024-இல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து, புதிதாகப் பாலிசி எடுப்பதற்கு 65 வயது என்றிருந்த பழைய வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 65-ஐத் தாண்டியவர்களுக்கும் திட்டங்கள் கொண்டுவரச் சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ கம்பெனிகளிடம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் 60-இல் ஓய்வு பெறும் மாதமே எடுத்துவிட்டால் 63-இல் காத்திருப்பு முடிந்துவிடும். 70-இல் எடுத்தால் மிக வேண்டிய மூன்று ஆண்டுகளும் காத்திருப்பிலேயே போகும். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர்கள் இதைப் படித்தால், இப்போதே எடுங்கள். சம்பளத்தில் இருக்கும்போதே எடுத்தால் இன்னும் நல்லது.

அறை வாடகை பற்றியும் சொல்ல வேண்டும், பலருடைய பணம் சத்தமில்லாமல் போவது இங்கேதான். பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 வரை என்று இருந்து நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் 3,000 மட்டும் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். அப்படியில்லை. டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். மருந்து, உடம்பில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றை இந்த வெட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஐசியு கட்டணத்திலும் இப்படி வெட்டக் கூடாது என்று 2020-இல் விதி வந்தது. பில்லைச் சரிபார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். அதோடு, வெட்டு என்பது நமக்கு இரண்டு முறை அடிக்கிறது. மேல்காப்பீட்டு கம்பெனி டிடக்டிபிளைத் தாண்டியதா என்று பார்ப்பது நாம் கட்டிய மொத்த பில்லை வைத்து அல்ல, தங்கள் விதிப்படி ஏற்கத்தக்க தொகையை வைத்து. 4 லட்சம் பில்லில் அவர்கள் ஏற்பது 3.3 லட்சம் என்றால் 3 லட்சம் டிடக்டிபிளுக்கு மேல் வருவது முப்பதாயிரம்தான். அதனால் அறை வாடகைக்கு வரம்பே இல்லாத, அல்லது தனி அறை என்று பொதுவாகச் சொல்லும் திட்டங்களை மட்டும் எங்கள் பட்டியலில் வைத்தோம்.

மருத்துவமனைப் பட்டியலில் நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று. அரசுத் திட்டத்தின் பட்டியலிலும் மேல்காப்பீட்டு கம்பெனியின் பட்டியலிலும் ஒருசேர இருக்கும் மருத்துவமனை எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அவசரம் என்றால் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், பெரிய சிகிச்சை என்றால் திருச்சி. இந்த மூன்று ஊரையும் வைத்து இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டோம். நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் மருத்துவமனை என்று விளம்பரத்தில் போடுவது நமக்கு ஒன்றும் செய்யாது. ஒருசேர இருக்கும் மருத்துவமனையின் பெயரையும் இன்சூரன்ஸ் டெஸ்க் எண்ணையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரே அட்மிஷனுக்கு இரண்டு இடத்தில் க்ளெய்ம் போடுவது கொஞ்சம் அலைச்சல்தான். அட்மிட் ஆனவுடன் மேல்காப்பீட்டு கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும், பில் டிடக்டிபிளைத் தாண்டுமா தாண்டாதா என்று காத்திருக்கக் கூடாது. தகவல் சொல்ல எத்தனை மணி நேரம் என்பது பாலிசியில் இருக்கும். ஒரிஜினல் பில்கள் முதலில் பணம் தருபவரிடம் போய்விடும் என்பதால் எல்லாவற்றுக்கும் மருத்துவமனை முத்திரை வைத்த நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்ற செட்டில்மென்ட் கடிதம் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். டிடக்டிபிளைத் தாண்டாத சின்ன பில்களையும் தூக்கிப் போடாதீர்கள். அதே பாலிசி ஆண்டில் அடுத்த பில் வந்தால் கூட்டிக் காட்ட அவைதான் சாட்சி.

ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதி கேட்ட ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில் வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று இன்சூரன்ஸ் டெஸ்கில் இதைப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். க்ளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

பிரீமியம் பற்றி நல்ல செய்தி இரண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் தங்களைக் கலந்துகொள்ளாமல் ஏற்றக் கூடாது என்று ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு 80டி பிரிவில் மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை கழிவு உண்டு. புதிய முறையில் இருந்தால் இது கிடையாது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி, குறிப்பிட்ட நோய் வந்தால் மொத்தமாகத் தரும் க்ரிட்டிகல் இல்னெஸ் பாலிசி இரண்டையும் பார்த்தோம். இந்த வயதில் எங்களுக்குச் சொன்ன பிரீமியத்துக்கு அவை தரும் பாதுகாப்பு போதாது என்று விட்டுவிட்டோம்.

பாலிசி வந்ததும் கூடவே வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று வரும். காத்திருப்பு, விலக்கு, கோ-பே, புகார் செய்யும் வழி எல்லாம் இரண்டு மூன்று பக்கத்தில் அதில் இருக்க வேண்டும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. நான் கேட்டு வாங்கினேன், தந்தார்கள். பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் வரை, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த 30 நாளுக்குள் ஒருநாள் உட்கார்ந்து ஏஜென்ட் வாயால் சொன்ன ஒவ்வொன்றும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது எந்த க்ளெய்மிலும் செல்லாது.

என் கணவரின் சர்க்கரைக்கும் பிரஷருக்குமான காத்திருப்பு 2028 அக்டோபரில் முடியும். அதுவரை அவை தொடர்பான சிகிச்சைக்கு அரசுத் திட்டமும் அந்த வங்கி டெபாசிட்டும்தான். அரசுத் திட்டத்தின் இந்தக் கட்டம் 2026 ஜூன் 30-உடன் முடிகிறது. அடுத்த கட்டத்தின் அரசாணை வந்தவுடன் நான் முதலில் பார்க்கப் போவது தொகை எவ்வளவு என்பதையும், அது எத்தனை ஆண்டுக்கு என்பதையும்தான். ஆண்டுக்கு ஆண்டு நிரம்பும் தொகையாக மாற்ற வேண்டும் என்று எங்கள் சங்கத்தின் சார்பில் கோரிக்கை மனு தயாராகிறது. வரைவை நானே எழுதுகிறேன். அப்படி மாறினால் டிடக்டிபிள் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும், போட்டு எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பாலிசியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். விளம்பரத் தாள் வேண்டாம், முழு பாலிசி வாசகம் வேண்டும்.